சமாதானப் பணியில் வேலை உண்டா? தலவாக்கலைத் தாய் ஒருவரின் கேள்விக்குப் பதில்

அம்மா, மகள் உயர்தரம் கலைப்பிரிவில் எழுதிவிட்டு சமாதானம், முரண்பாட்டுத் தீர்வு என்ற துறைக்குப் போக நிற்கிறாள் என்றும், ‘அதுக்கு எங்க வேலை, நமக்கு அங்க யாரத் தெரியும்’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேலை உண்டு. ஆனால் ‘சமாதான அலுவலர் தேவை’ என்று அரச வர்த்தமானியில் தேடினால் கிடைக்காது. இந்த வேலைகள் வேறு பெயர்களில் ஒளிந்திருக்கின்றன. நீதி அமைச்சின் கீழ் மத்தியஸ்தப் பயிற்சி அலுவலர்கள் இருக்கிறார்கள். தொழில் திணைக்களத்தில் தொழில் உத்தியோகத்தர்கள், பிரதேச செயலகங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டி, பதுளைப் பிராந்திய அலுவலகங்களில் இருப்பவர்கள் எல்லோரும் நாள் முழுக்கப் பார்ப்பது பிணக்குகளைத்தான். அரச சார்பற்ற நிறுவனங்களில் ‘கருத்திட்ட அலுவலர்’ என்பார்கள். தேசிய சமாதானப் பேரவை, சர்வோதயம், கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் போன்றவை பல வருடங்களாக இந்தப் பணியில் இருப்பவை.

பலர் கவனிக்காத இன்னொரு வழி தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் என்ற சர்வதேச அமைப்பின் சான்றிதழ் வைத்திருக்கும் தோட்டங்களில் தொழிலாளரின் முறைப்பாடுகளைக் கேட்டு, பதிந்து, முடித்துவைக்கும் ஓர் ஒழுங்கு கட்டாயம் இருக்க வேண்டும். காகிதத்தில் அது எல்லா இடத்திலும் இருக்கிறது. உண்மையாக நடத்தத் தெரிந்த, தமிழ் பேசும் ஆட்கள்தான் குறைவு. கம்பனிகளின் மனிதவளப் பிரிவுக்கும் சான்றிதழ்க் கணக்காய்வுக்கும் போகக்கூடிய நல்ல வாசல் இது.

பட்டத்தைப் பொறுத்தவரை எங்கள் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது: சமாதானக் கற்கையை முதல் பட்டமாக எடுக்க வேண்டாம். களனிப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு பாடநெறி இருக்கிறது, ஆர்வமும் ஆங்கிலமும் உள்ளவர்கள் பார்க்கலாம். ஆனால் நிதி வற்றும் வருடங்களில் முதலில் வேலை இழப்பது சமாதானம் மட்டும் படித்தவர்தான். சட்டம், சமூகவியல், அரசறிவியல், சமூகப்பணி என்று ஏதாவது ஒன்றில் காலூன்றிக்கொண்டு, பிறகு முதுகலையில் இந்தப் பக்கம் வருவது பாதுகாப்பு. கொழும்புப் பல்கலைக்கழகம் முரண்பாடு, சமாதானக் கற்கையில் முதுகலை நடத்துகிறது. பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி போதாமல் போனால் உலகம் முடிந்துவிடாது. திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணி, சீதுவையில் உள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் சமூகப்பணிப் பட்டம் இரண்டையும் விசாரியுங்கள். தனியார் நிலையங்கள் விற்கும் ‘சர்வதேச சமாதான டிப்ளோமா’வுக்கு மட்டும் கடன் வாங்காதீர்கள். பட்டத்தை வழங்கும் நிறுவனத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கட்டணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். உங்கள் மகளின் கையில் உள்ள பெரிய மூலதனம் மொழி. மலையகப் பிள்ளைகள் பலர் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள். ஒரு பக்கம் எழுதச் சொன்னால் நின்றுவிடுவார்கள். இந்த வேலையில் எழுத்துதான் எல்லாம். கூட்டம் தமிழிலும் சிங்களத்திலும் நடக்கும், அறிக்கை ஆங்கிலத்தில் போகும், இடையில் கையெழுத்திடும் இணக்கப்பாட்டுக் கடிதத்தை இரு தரப்பும் தத்தம் மொழியில் வாசிக்க வேண்டும். அதில் ஒரு சொல் பிசகினால் ஒரு மாதத்தில் அதே சண்டை திரும்ப வரும். பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களை இதற்கே கொடுக்கலாம். தினமும் ஒரு சிங்களச் செய்தியை வாசித்துத் தமிழில் ஐந்து வரி, ஒரு தமிழ்ச் செய்தியை வாசித்துச் சிங்களத்தில் ஐந்து வரி. எழுதியதைச் சிங்களம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் வாரத்துக்கு ஒரு தடவை திருத்தினால் போதும். அரசகரும மொழிகள் திணைக்களத்தின் தேர்ச்சிப் பரீட்சைக்கும் தோற்றட்டும். நேர்முகத் தேர்வில் ‘சிங்களம் தெரியும்’ என்று சொல்வதைவிட அந்தச் சான்றிதழ் பேசும்.

இது ஏதோ கூடுதல் தகைமை அல்ல. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் தெல்தெனிய, திகன பக்கம் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை பரவியபோது முகநூலில் ஓடிய சிங்களப் பதிவுகளும் அதற்கு எரிபொருளாயின. அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தற்காலிகமாக முடக்கியது. தன் தளம் இதற்குப் பயன்பட்டதற்காக 2020இல் முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. வதந்தியை அந்தந்த மொழியிலேயே வாசித்து, சரிபார்த்து, யாருக்கு அறிவிப்பது என்று தெரிந்தவர்களுக்கு அதற்குப் பிறகு தேவை கூடியது.

அடுத்தது களம். அனுபவம் தேடிக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று சம்பள நிர்ணய சபை மூலம் தீர்மானமானது. சம்பளம், கம்பனிகளும் சங்கங்களும் செய்யும் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு வெளியே போனதும் கொழுந்து கிலோ அளவு, அரைப்பேர் (கிலோ குறைந்தால் அரை நாள் சம்பளம்) என்று சண்டை மலைக்கு மலை சிதறியது. அதை ஒரு பாடமாகப் பார்க்கலாம். ‘கிலோ வரவில்லை, அரைப்பேர்தான்’ என்பது தோட்டத்தின் நிலைப்பாடு. ‘முழுப்பேர் போடு’ என்பது தொழிலாளியின் நிலைப்பாடு. இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பேசினால் குரல்தான் உயரும். புல் வெட்டாத மலையில் கொழுந்து எப்படி வரும், உரம் எப்போது போட்டது, நிறுவையில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கீழே இறங்கிக் கேட்டால் பேசித் தீர்க்கக்கூடிய மூன்று நான்கு விஷயங்கள் வெளியே வரும். நிலைப்பாட்டுக்கு அடியில் உள்ள தேவையைத் தோண்டுவது என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

மகள் ஒரு கொப்பி வைக்கட்டும். லயத்துத் தண்ணீர்க் குழாய், காணி எல்லை, தோட்டத்துக்கும் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கும் இடையிலான பாதை, கோயில் திருவிழாக் கணக்கு என்று கண்ணில் படும் பிணக்குகளைப் பெயர் போடாமல் எழுதட்டும்: யார் யார் தரப்பு, என்ன கேட்டார்கள், உண்மையில் எது தேவைப்பட்டது, யார் பேச்சு எடுபட்டது, எப்படி முடிந்தது, ஆறு மாதம் கழித்தும் அந்த முடிவு நின்றதா. கடைசிக் கேள்வியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். இருபது பிணக்குகள் எழுதி முடிந்தால் நேர்முகத் தேர்வில் பேசுவதற்கு அவளிடம் சொந்தச் சரக்கு இருக்கும்.

பிணக்குகளை நீதிமன்றம் போகாமல் பேசித் தீர்க்க உதவும் மத்தியஸ்த சபையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது அது. மத்தியஸ்தர்கள் தொண்டர்கள், சம்பளம் இல்லை. ஐந்து நாள் பயிற்சியில் தேறியவர்களை மத்தியஸ்த சபைகள் ஆணைக்குழு மூன்று வருடத்துக்கு நியமிக்கிறது. சட்டத்தரணி ஆஜராக முடியாது, தீர்ப்பும் சொல்வதில்லை. இணக்கம் வராவிட்டால் அதற்கொரு சான்றிதழ் கொடுப்பார்கள், அதோடு நீதிமன்றம் போகலாம். பேச்சு இரகசியம் என்பதால் மாணவி உள்ளே உட்கார முடியாது. ஆனால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபையின் தவிசாளரைச் சந்தித்து எந்த வகைப் பிணக்குகள் வருகின்றன, தமிழில் பேசும் தரப்பினர் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்தில் தொழிற்சங்கமும் கட்சியும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. சங்கத்தில் வேலை செய்வது தவறில்லை. பேரம் பேசக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தைப் பழக்கத்தில் கற்றவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் ஒரு தரப்புக்காகப் பேசுகிறவர் வேறு, நடுவில் உட்காருகிறவர் வேறு. ஒரே தோட்டத்தில் இரண்டும் சரிவராது. தேர்தல் மேடையில் எடுத்த ஒரு படம், முகநூலில் போட்ட ஒரு சூடான வரி போதும், பிறகு மற்றப் பக்கத்தார் கதவைத் திறக்க மாட்டார்கள். எந்தப் பாதை என்று இருபது வயதிலேயே தீர்மானிக்கத் தேவையில்லை. அதுவரை கையைச் சுத்தமாக வைத்திருந்தால் இரண்டும் திறந்திருக்கும்.

‘யாரத் தெரியும்’ என்ற கேள்விக்கு வருவோம். பட்டறைக்குப் போய் எல்லோரோடும் படம் எடுத்து, இருபது சான்றிதழ் சேர்த்து வைப்பவர்களை இந்தத் துறையில் நிறையப் பார்க்கலாம். அவர்களை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை, ஏனென்றால் அவர்கள் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. மகளுக்கு முதலில் முப்பது பெயர் போதும்: பத்து பேர் உள்ளூரில் (கிராம உத்தியோகத்தர், மாதர் சங்கத் தலைவி, குருக்கள், பாதிரியார், விகாரைத் தேரர், அதிபர் போன்றோர்), பத்து பேர் நுவரெலியா, கண்டி, பதுளை மட்டத்தில், பத்து பேர் கொழும்பிலும் வெளிநாட்டிலும். மாவட்ட சர்வமதக் குழுக் கூட்டத்தில் குறிப்பெடுக்க ஆள் தேவையா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு நாளுக்குள் தமிழிலும் சிங்களத்திலும் ஒழுங்கான கூட்டக் குறிப்பு கொடுக்கிற பிள்ளையை யாரும் மறக்க மாட்டார்கள்.

தெரியாதவருக்கு எழுதும் மின்னஞ்சல் ஆறு வரியைத் தாண்டக் கூடாது: தான் யார், அவர் செய்த எந்த வேலையை வாசித்தாள், ஒரே ஒரு கேள்வி, இருபது நிமிடம் பேச முடியுமா. சுயவிபரக்கோவையை இணைக்கவும் வேண்டாம், வேலை கேட்கவும் வேண்டாம். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை நினைவூட்டலாம், அதோடு விட்டுவிட வேண்டும். பேசினால் மறுநாளே நன்றி எழுதி, அவர் சொன்னதில் எதைச் செய்தாள் என்று மூன்று மாதம் கழித்து ஒரு வரி அனுப்பட்டும். அந்த ஒரு வரியில்தான் தொடர்பு உறவாகிறது.

வெளிநாட்டுப் புலமைப்பரிசில் மகளுக்கு இப்போதைக்கு எட்டாது. ரோட்டரி சமாதானப் புலமைப்பரிசிலின் முதுகலைக்கு மூன்று வருட முழுநேர அனுபவம் வேண்டும். பிராட்போர்ட், உப்சாலா, டோக்கியோ, குயின்ஸ்லாந்து ஆகியவை அதன் மையங்களில் சில. ரோட்டரி உறுப்பினரின் பிள்ளைகள் விண்ணப்பிக்க முடியாது. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள், பகுதிநேர, தொண்டர் வேலையையும் கணக்கிடலாம். ஆகவே இன்றிலிருந்தே ஒவ்வொரு வேலைக்கும் திகதி, மணித்தியாலம், பொறுப்பாளரின் கையொப்பத்தோடு கடிதம் வாங்கி வைக்க வேண்டும். ஐந்து வருடம் கழித்துத் தேடிப் போனால் அந்த நிறுவனமே மூடியிருக்கும்.

ஐக்கிய நாடுகள் வேலை எடுத்துத் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடிதான். அந்த அமைப்பு ஆட்சேர்ப்பின் எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை.

கடைசியாகக் காசு விஷயம். நிறுவன வேலைகள் பெரும்பாலும் கருத்திட்ட நிதியைப் பொறுத்தவை, ஒப்பந்தமும் ஓராண்டு, ஈராண்டு என்று குறுகியே இருக்கும். கையெழுத்திட முன் மூன்று விஷயம் கேட்க வேண்டும்: நிதி எந்தத் திகதியில் முடிகிறது, தோட்டங்களுக்குப் போய்வரும் செலவை யார் தருகிறார்கள், நியமனம் ஊழியராகவா ஆலோசகராகவா. ஊழியர் என்றால் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 வீதமும் மகள் 8 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனம் மட்டும் 3 வீதமும் கட்ட வேண்டும். ஆலோசகர் என்று எழுதிவிட்டால் இதெல்லாம் கிடையாது. மாதத் தொகை பெரிதாகத் தெரிந்தாலும் அந்தக் கழிவைப் போட்டுப் பார்த்த பிறகே சம்மதம் சொல்லச் சொல்லுங்கள்.