நடந்த கணக்கு கலோரி ஆப்பில் ஏன் உடனே வருவதில்லை?

கோத்தகிரியில் காலை நடை முடித்து வந்தால் காலடிகளை எண்ணும் கைப்பட்டையில் கணக்கு இருக்கிறது, சாப்பிட்ட கலோரியையும் எரித்த கலோரியையும் கணக்குப் போடும் கலோரி ஆப்பில் மட்டும் இல்லை. ஏன்?

சிங்க் என்பது பட்டையில் இருக்கும் கணக்கை இன்னொரு ஆப்புக்கு நகலெடுப்பது, அவ்வளவுதான். பட்டையிலிருந்து போனுக்கு ப்ளூடூத்தில் வந்துவிடும், ஆனால் அங்கிருந்து கலோரி ஆப்புக்குப் போகப் பெரும்பாலும் இணையம் வேண்டும். நம் மலையில் ஒரு வளைவு திரும்பினாலே சிக்னல் போய்விடுமே, அங்கேதான் நிற்கிறது. தோட்டத்தில் எடைபோட்ட தேயிலை மூட்டை லாரி வரும்வரை ரோட்டோரம் காத்திருக்கும் இல்லையா, அதே மாதிரி. வரவில்லையே என்று நடையை நீங்களே ஆப்பில் எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து. சிக்னல் கிடைத்ததும் பட்டையின் கணக்கும் வந்து சேர்ந்தால் ஒரே மூட்டையை இரண்டு முறை எடைபோட்ட கதைதான்; எரித்த கலோரி இரட்டிப்பாகத் தெரியும், அதை நம்பி கூடுதலாகச் சாப்பிட்டுவிடுவீர்கள்.

அப்புறம், சிக்னல் இல்லாமல் நடந்தது பதிவாகாது என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படி இல்லை, பெரும்பாலான பட்டைகள் சில நாள் கணக்கைத் தமக்குள்ளேயே வைத்திருக்கும்.