விண்மீனின் ஒளியைக் கழித்துவிட்டு, சுற்றியுள்ள மங்கலான தூசுத் தட்டை மட்டும் படமாக்குவது எப்படி?

தொலைநோக்கியில் விண்மீனின் ஒளியைத் தடுக்கும் கருவியான கரோனாகிராஃப் விண்மீனை மறைத்த பிறகும் அதைச் சுற்றிச் சிதறி நிற்கும் ஒளி, பெரும்பாலும் தட்டைவிடப் பிரகாசமானது. அதைக் கழிக்க, தட்டு இல்லாத வேறொரு விண்மீனை அதே கருவியில் எடுத்த படம் தேவை. 1984-ல் வானியலாளர்கள் ஸ்மித்தும் டெரைலும் சிலியின் லாஸ் கம்பானாஸ் ஆய்வகத்தில் பீட்டா பிக்டோரிஸ் விண்மீனின் தட்டைக் கண்டபோது, ஒப்பீட்டுக்கு ஆல்ஃபா பிக்டோரிஸ் விண்மீனைப் பயன்படுத்தினார்கள்.

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் ஸ்டிஸ் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கரோனாகிராஃபில் நிற வடிகட்டி கிடையாது. அதனால் ஒப்பீட்டு விண்மீனின் நிறம் (பி–வி, அதாவது நீல ஒளியிலும் பச்சை-மஞ்சள் ஒளியிலும் அளந்த பிரகாச எண்களின் வேறுபாடு) தட்டுள்ள இலக்கு விண்மீனிலிருந்து 0.1-க்கு மேல் விலகக் கூடாது. விலகினால் மிச்ச ஒளி வளையம் வளையமாக நிற்கும். ஒப்பீட்டு விண்மீன் வானில் இலக்குக்கு அருகிலும் இருக்க வேண்டும். சூரியன் படும் கோணம் மாறினால் தொலைநோக்கியின் வெப்பநிலை மாறி, குவியமும் நகர்ந்துவிடும். இலக்கையும் ஒப்பீட்டையும் அடுத்தடுத்த சுற்றுகளில் எடுப்பதும் இதற்காகத்தான்.

இரு படங்களையும் மையப்படுத்த, விண்மீனிலிருந்து குறுக்காக நீளும் விளிம்பு விளைவுக் கீற்றுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவை வெட்டிக்கொள்ளும் இடமே மறைந்திருக்கும் விண்மீன். ஒரு பிக்சல் சுமார் 0.05 வில்விநாடி. அதில் ஒரு சிறு பங்கு தவறினாலும் ஒரு பக்கம் வெளிச்சம், எதிர்ப்பக்கம் இருள் என்று இரட்டைக் கறை விழும். அடுத்து ஒளியளவைப் பொருத்த வேண்டும். இரு விண்மீன்களின் பிரகாச விகிதத்தில் தொடங்கி, கீற்றுகள் மறையும் வரை மாற்றுங்கள். தட்டு இருக்கும் பகுதியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதிகம் கழித்தால் எதிர்மறைக் குழி விழும், பார்த்ததுமே தெரியும். குறைவாகக் கழித்தால் வரும் ஒளிவட்டம்தான் ஆபத்து, அது நேர்முகத் தட்டை (முழு வட்டமாக நம்மை நோக்கியிருக்கும் தட்டை) போலவே இருக்கும்.

தொலைநோக்கியைச் சுழற்றி எடுத்த இலக்குப் படங்களையே ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கும் முறை கோள்களுக்கு நல்லது, விளிம்பு மட்டும் தெரியும் பக்கவாட்டுத் தட்டுக்கும் ஓரளவு உதவும். டிடபிள்யூ ஹைட்ரே விண்மீனுடையதைப் போல ஏறக்குறைய நேர்முகமாக உள்ள தட்டையோ அது தன்னைத்தானே அழித்துவிடச் செய்யும். பல ஒப்பீட்டுப் படங்களிலிருந்து கணித்த கூறுகளைச் சேர்த்து விண்மீன் ஒளியைக் கழிக்கும், 2012-ல் வந்த கிளிப் (KLIP) போன்ற முறைகளிலும் அந்தக் கூறுகளின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்டப் படம் சுத்தமாகும், தட்டின் ஒளியும் கரையும். அழகான படத்துக்காகப் பிரகாச அளவை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாதிரித் தட்டு ஒன்றை அதே கணக்கில் செலுத்தி, எவ்வளவு இழக்கிறது என்று அளந்த பிறகே எண்களை நம்புங்கள்.

சுழற்சி எப்படியும் ஒரு சோதனைக்கு வேண்டும். ஒவ்வொரு சுழற்சிக் கோணத்திலும் தனித்தனியாகக் கழித்துப் பாருங்கள்: உண்மையான தட்டு வானத்தோடு திரும்பும், மிச்ச ஒளி கருவியோடு நிற்கும்.