தகுதித் தேர்வைக் கடுமையாக்கினால் அரசுப் பள்ளிகள் முன்னேறிவிடுமா?

ஆசிரியர் தகுதித் தேர்வைக் கடுமையாக்கி, அதில் தேர்ச்சி பெறாத ஆசிரியர்களை நீக்கிவிட்டால் அரசுப் பள்ளிகள் சீராகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஆசிரியரின் தரமே பள்ளியின் தரம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தத் தரம் தெரியவேண்டிய இடம் மூன்றாம் வகுப்புக் குழந்தையின் நோட்டு என்பதே என் கருத்து.

42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் பல குழந்தைகள் 35 என்று எழுதுவார்கள். சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த நோட்டை எடுப்பது எளிது. நல்ல ஆசிரியர் அந்த 35 எங்கிருந்து வந்தது என்று பார்ப்பார். 2இலிருந்து 7 போகாது என்பதால் குழந்தை 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது. கழித்தல் அதற்குத் தெரியும், இட மதிப்புத்தான் பிடிபடவில்லை. அதைக் கண்டுகொண்டவர் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்து, ஒரு கட்டைப் பிரித்து எண்ணவைத்து, கடன் வாங்குவது என்றால் என்ன என்று கையாலேயே உணரவைப்பார். வாசிப்பிலும் இதே நிலைதான். எழுத்து அட்டையைப் பார்த்து ககர வரிசை முழுவதையும் ராகத்தோடு ஒப்பிக்கும் குழந்தை, ‘கொக்கு’ என்ற சொல்லைத் தனியே காட்டினால் திகைத்து நிற்கும்; முன்னால் நிற்கும் கொம்பும் பின்னால் நிற்கும் காலும் சேர்ந்து ஓர் ஒலியைத் தருகின்றன என்பதை அருகில் உட்கார்ந்து யாரும் அதற்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

தகுதித் தேர்வு, 150 கேள்விகளுக்குச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் திறனை அளக்கிறது. அது வேண்டியதே. ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் அதில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. குழந்தையின் தவறான விடையைப் படித்தறியும் திறனோ வேறு வகையானது. வகுப்பறையில், சக ஆசிரியர்களின் துணையோடு, ஆண்டுக்கணக்கில் வளர்வது. அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையப் பயிற்சிக்கு ஒவ்வொருவரும் தம் வகுப்பில் பின்தங்கிய இரண்டு குழந்தைகளின் நோட்டுகளை எடுத்துவந்து மற்றவர்களோடு உட்கார்ந்து பேசினால், திரையில் ஓடும் படங்களைப் பார்த்துக் கழிக்கும் நாளைவிடப் பன்மடங்கு பயன் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இதற்கு நேரம் வேண்டும். எங்கள் பகுதியின் உண்மையான நெருக்கடி இங்கேதான் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். டெல்டாவின் உள்கிராமங்களில் இத்தகைய ஈராசிரியர் பள்ளிகள் ஏராளம். ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிட்டுக்கொள்கிறார்கள், ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ சென்றால் ஐந்தும் மற்றவர் தலையில். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துக் கற்பிக்கச் சொன்னதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் மூன்று நிலைகளையும் ஒருவரே கவனிக்கும்போது, பள்ளி விவரங்களைப் பதியும் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் பதிவேற்றும் வேலையும் வந்து சேர்ந்தால், முதலில் கைவிடப்படுவது மிகவும் பின்தங்கிய அரும்பு நிலைக் குழந்தைதான். கல்விசாராப் பணிகளில் ஆசிரியர்களை ஈடுபடுத்தக் கூடாது என்று அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மட்டுமே விலக்கு. பள்ளியின் கணினிப் பதிவுகளும் இத்தடைக்குள் வருமா என்று வாதிடலாம். அவை வகுப்பு நேரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். வடகிழக்கு மழை விடுமுறைகள் பெரும்பாலும் இரண்டாம் பருவத்தில் விழுகின்றன. நடவுக் காலத்தில் தாய் விடியலில் வயலுக்குப் போய்விட, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள, நம்மிடம் படிக்கும் அக்காள் பள்ளிக்கு வராமல் வீட்டில் நின்றுவிடுகிறாள். நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையில் 2023 ஆகஸ்ட் 25 அன்று விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டம் பசியைத் தீர்த்தது. விடுபட்ட பாடத்தை ஆசிரியர்தான் மீட்க வேண்டும். ஆகவே மழை ஓய்ந்து பள்ளி திறந்ததும் புதிய பாடத்துக்கு ஓடாமல், யார் எங்கே நின்றுவிட்டார்கள் என்று பார்க்க இரண்டு வாரமாவது டெல்டா மாவட்டங்களுக்கு அதிகாரப்பூர்வமாக ஒதுக்க வேண்டும்.

ஆசிரியர்களை நீக்குவதைப் பற்றி யோசிப்பதற்கு முன், ஈராசிரியர் பள்ளிகளுக்கு மூன்றாவது ஆசிரியரைத் தாருங்கள் என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கு உரியது. உங்கள் ஊர்க் குழுவில் நீங்கள் இருந்தால், அடுத்த கூட்டத்தில் சுற்றுச்சுவரைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, மூன்றாம் வகுப்பில் எத்தனை குழந்தைகள் ஒரு பத்தியைத் தடையின்றிப் படிக்கிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் மரியாதையோடு கேட்டு, அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.