வரப்பில் மண் தள்ளுவது அகழெலியா, வயல் எலியா?

கேள்வி: எங்கள் சம்பா வயலின் வரப்பில் இரவோடு இரவாக மண் குவியல்கள் எழுகின்றன, வளையின் வாய் கண்ணுக்குப் படுவதில்லை. வெளிநாட்டுக் காணொளி ஒன்றில் அகழெலி இப்படித்தான் மண் தள்ளியது. அதை விரட்ட மண்ணில் ஊன்றும் அதிர்வுக் கருவியை வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். தமிழ்நாட்டு மண்ணில் அகழெலி கிடையாது. இந்தியாவில் அது கிழக்கு இமயமலையையும் வடகிழக்கையும் ஒட்டிய பகுதிகளில்தான் வாழ்கிறது.

பெயரில் எலி இருந்தாலும் அகழெலி எலி இனத்தைச் சேர்ந்ததன்று. மண்புழுவையும் பூச்சிகளின் புழுக்களையும் தின்னும் அந்த விலங்கு, உள்ளங்கை வெளிப்புறம் திரும்பிய, மண்வெட்டி போல் அகன்ற முன்கால்களால் மண்ணை இருபுறமும் ஒதுக்கிக்கொண்டு முன்னேறுகிறது. அதன் சுரங்கம் வீடு மட்டுமன்று, பொறியும்கூட. உள்ளே வந்து விழும் புழுக்களை அது சுற்றிச் சுற்றி வந்து பொறுக்கித் தின்கிறது. ஐரோப்பிய அகழெலி, மிஞ்சும் புழுக்களின் தலைப்பக்கத்தைக் கடித்து, அவை நகர முடியாமலும் சாகாமலும் கிடக்கும்படி சேமித்து வைக்கிறது. நெற்பயிர் அதற்கு உணவன்று. (நம் வயலின் பிள்ளைப்பூச்சிக்கும் ஏறக்குறைய அதே வடிவ முன்கால்கள் உண்டு, இரண்டுக்கும் உறவில்லை, தொழில்தான் ஒன்று.)

தங்கள் வரப்பில் இருப்பது பெரும்பாலும் கரம்பை எலி என்னும் வயல் எலியாகும். வளைக்குள் புகுந்ததும் வாயை உள்ளிருந்து மண்ணால் அடைத்துக்கொள்வது அதன் வழக்கம் என்பதால்தான், குவியல் தெரிந்தும் துளை தெரிவதில்லை. வளர்ந்த எலி பெரும்பாலும் ஒரு வளைக்கு ஒன்றாகவே வாழும். கதிர் முற்றும் காலத்தில் கதிர்களை அறுத்து நிலத்தடி அறைகளில் குவித்து வைக்கும். இருளர்கள் வளையைத் தோண்டி எலியோடு நெல்லையும் எடுப்பது இதனால்தான். அடித்தண்டு சாய்வாக வெட்டுப்பட்ட தூர்களைத் தேடிப் பாருங்கள்; இருந்தால் ஐயமில்லை.

பருமனான வரப்பு இவ்வெலிக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்குச் சமம். ஆகவே அடுத்த உழவின்போது வரப்பை ஓரடி அகலத்துக்கு மிகாமல் சீவிக் களையெடுப்பதே முதல் வேலை. இப்போதைக்குத் தஞ்சாவூர்க் கிட்டி என்னும் வில்பொறியை வையுங்கள். கூகையும் ஆந்தையும் வந்தமர வயலில் குச்சிகளை நட்டு வையுங்கள். நச்சு உணவை நான் கடைசியாகவே சொல்வேன். துத்தநாக பாஸ்பைடு கலந்த உணவைச் சிறிது தின்று பிழைத்த எலி மறுபடி அதைத் தொடாது. எனவே முதலில் இரண்டு மூன்று நாட்கள் நஞ்சில்லாத உணவை வைத்துப் பழக்க வேண்டும். அதையும் பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து, பயிர் பொதி கட்டுவதற்கு (கதிர் தண்டுக்குள் உருவாகிப் பருப்பதற்கு) முன், கால்நடைகளுக்கு எட்டாதபடி செய்ய வேண்டும். தனியொருவர் செய்தால் அடுத்த வரப்பிலிருந்து எலிகள் மீண்டும் வந்துவிடும்.

எந்த வளையில் எலி இருக்கிறது என்பதை அறிய, மாலையில் எல்லாக் குவியல்களையும் தட்டிச் சமப்படுத்திவிட்டு, காலையில் புது மண் எழுந்திருக்கும் இடங்களில் மட்டும் கிட்டியை வையுங்கள்.