அழைப்பு மணியில் அந்தப் பெயர் இருக்கிறதா?

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் திருச்சியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கார்ஹிங் வளாகத்தில் மே 15 முதல் ஜூலை 31 வரை இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. உதவித்தொகை மாதம் 950 யூரோ. இரண்டரை மாதத்துக்கு மட்டும் வீடு தர யாரும் முன்வரவில்லை. நாற்பது பேருக்கு எழுதி, ஒரே ஒருவர்தான் பதில் போட்டார். ஸ்வாபிங் பகுதியில் 45 சதுர மீட்டர் தனி வீடு, மாதம் 430 யூரோ. உரிமையாளர் லண்டனில் மருத்துவராம். இரண்டு மாத வாடகையும் ஒரு மாத அட்வான்ஸும் சேர்த்து 1,290 யூரோ அனுப்பினால் சாவியை கூரியரில் அனுப்புவதாகச் சொல்கிறார். பாஸ்போர்ட் நகல் கேட்டார், அனுப்பிவிட்டேன். வரும் வெள்ளிக்கிழமை அப்பா வங்கிக்குப் போகிறார். அனுப்பலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

அன்பு மகளுக்கு,

அனுப்பாதே. இந்த இதழ் உன் கைக்கு வருவதற்குள் வெள்ளிக்கிழமை கடந்துவிடும் என்பதால், கடிதம் கிடைத்த அன்றே உனக்குத் தனியாக மின்னஞ்சல் போட்டுவிட்டேன். உன்னைப் போலவே இன்னும் பல பிள்ளைகள் இந்த மாதங்களில் அறை தேடிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்காகவும்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முனிச்சில், பிறரோடு பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கே 700, 800 யூரோ கேட்கிறார்கள். ஸ்வாபிங் அந்த ஊரிலும் விலை கூடிய இடம். அங்கே தனி வீடு 430 யூரோவுக்குக் கிடைக்காது. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர், கூரியரில் வரும் சாவி, பார்ப்பதற்கு முன் பணம், கூடவே பாஸ்போர்ட் நகல்: இந்த நான்கும் ஒன்றாக வந்தால் அந்த வீடு அவருடையது அல்ல. அங்கே இருக்கும் வீட்டின் படங்களை எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருப்பார்கள்.

என் அண்ணன் மகனுக்கு இது நடந்தது. பெர்லினில் மூன்று மாதப் பயிற்சி. 900 யூரோ முன்கூட்டியே கட்டிவிட்டு, இரவு ஒன்பது மணிக்குப் பெட்டியோடு அந்த முகவரியில் போய் நின்றான். தெரு இருந்தது, கட்டட எண் இருந்தது, படத்தில் பார்த்த பச்சைக் கதவும் இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் பித்தளைத் தகட்டில் பன்னிரண்டு அழைப்பு மணிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயர். அவன் பணம் அனுப்பிய ஆளின் பெயர் அந்தப் பன்னிரண்டில் இல்லை. கைப்பேசி வெளிச்சத்தில் மூன்று முறை மேலிருந்து கீழாகப் படித்துப் பார்த்தேன் அத்தை என்று அவன் என்னிடம் சொன்னபோது, இங்கே எனக்குக் கை நடுங்கியது. அன்றிரவு அவனை அழைத்துக்கொண்டுபோய்ப் படுக்க இடம் கொடுத்தவர் அவனுடைய ஆய்வகத்தில் இருந்த ஒரு சீனியர்.

அந்த மணித் தகட்டை மனத்தில் வைத்துக்கொள். ஜெர்மனியில் பெரும்பாலும் 3ஏ, 3பி என்று வீட்டுக்கு எண் போடுவதில்லை. அழைப்பு மணியிலும் தபால்பெட்டியிலும் குடியிருப்பவரின் பெயர்தான் இருக்கும். அதனால் யாராவது உனக்கு அறை தருவதாகச் சொன்னால், வீடியோ அழைப்பில் வரச்சொல். அறைக்குள் உட்கார்ந்து பேசினால் போதாது. தெருவில் தொடங்கச் சொல்: வாசல், மணித் தகடு, அதில் அவர் பெயர், மாடிப்படி, பூட்டைத் திறப்பது, பிறகு சமையலறை, பிறகு உன் அறை. உண்மையாக அங்கே வாழும் மாணவருக்கு இது இரண்டு நிமிட வேலை, முகம் சுளிக்காமல் செய்வார். மணியில் இருக்கும் பெயர், ஒப்பந்தத்தில் இருக்கும் பெயர், பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயர், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். "கணக்கு என் நண்பருடையது" என்று ஆரம்பித்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடு.

இனி, உனக்கு அறை எங்கிருந்து வரும் என்று பார்ப்போம். நாற்பது பேருக்கு எழுதினேன் என்கிறாயே, அவர்களில் பெரும்பாலோர் முழு வீட்டை ஆண்டுக்கணக்கில் வாடகைக்கு விடுபவர்களாக இருந்திருப்பார்கள். அவர்களுக்கு நீ வேண்டாம். உன்னைத் தேடுகிறவர்கள் வேறு ஆட்கள். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் கோடைப் பருவம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. அந்தப் பருவத்தில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் மாணவரும், வேறு ஊரில் பயிற்சிக்குப் போகும் மாணவரும் தங்கள் அறையைக் காலி செய்யத் துணிய மாட்டார்கள், காரணம் திரும்பி வந்தால் முனிச்சில் இன்னொரு அறை கிடைக்காது. ஆள் இல்லாத அறைக்கு வாடகை கட்டவும் மனம் வராது. அந்தச் சில மாதங்களுக்கு மட்டும் அறையைக் கைமாற்றி விடுவார்கள். இதற்கு அங்கே 'ட்ஸ்விஷன்மீட்டே' என்று பெயர், இடைக்கால வாடகை என்று பொருள். கட்டில், மேசை, பாத்திரம் எல்லாம் அப்படியே இருக்கும், நீ பெட்டியோடு போனால் போதும். பகிர்வு வீட்டை 'வேகே' என்பார்கள். 'வேகே கெசூக்ட்' என்ற தளத்தில் இடைக்கால வாடகையை மட்டும் பிரித்துத் தேடும் வசதி உண்டு. அங்கேயும் ஏமாற்றுக்காரர்கள் நுழைவார்கள், மணித் தகட்டுச் சோதனை அங்கேயும் பொருந்தும்.

இப்படிப்பட்ட விளம்பரங்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதம் முன்னால்தான் வரும். பிப்ரவரியில் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையே என்று நீ கலங்கியதில் வியப்பில்லை. உன் காலம் மார்ச் கடைசியும் ஏப்ரலும்தான். கலங்கிப் போன பிள்ளைகளைத்தான் அந்த லண்டன் மருத்துவர்கள் பிடிக்கிறார்கள்.

ஆனால் தளத்துக்கு முன்னால் உன் ஆய்வகம் இருக்கிறது. நம் பிள்ளைகள் பேராசிரியருக்கு நன்றி எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அறை விஷயத்தை அவரிடம் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறார்கள். கேள், தவறே இல்லை. ஆய்வகத்தின் செயலருக்கும், உன்னை வழிநடத்தப் போகும் ஆய்வு மாணவருக்கும் இன்றே ஆளுக்கு நாலு வரி எழுது: நான் இன்னார், இந்தத் தேதியில் வருகிறேன், 550 யூரோவுக்குள் அறை தேடுகிறேன், உங்கள் துறையின் மின்னஞ்சல் வட்டத்தில் இதைப் போட முடியுமா? துறைக்குள் இருந்து வரும் அறையில் ஏமாற்று நுழைவது அரிது, ஆளை அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு அலுவலகத்துக்கும் எழுது. மாணவர் விடுதிகளை நடத்தும் ஷ்டூடீரண்டன்வெர்க் பதிவு செய்த மாணவர்களுக்கானது, இன்டர்ன்ஷிப்புக்கு வரும் உனக்கு நேரடியாக அறை கிடைக்காமல் போகலாம். ஆனால் விடுதி மாணவர் ஒருவர் அனுமதி பெற்று உனக்குக் கைமாற்றித் தரலாம், விலையும் அங்கேதான் குறைவு.

எங்கே தேடுவது என்பதையும் மாற்று. கார்ஹிங் வளாகம் முனிச் நகருக்கு வடக்கே, 'யூ6' என்ற மெட்ரோ பாதையின் கடைசி நிலையம். ஸ்வாபிங்கில் இருந்துதான் போக வேண்டும் என்பதில்லை. அதே பாதையில் ஷ்டூடன்டன்ஷ்டாட் என்று ஒரு நிலையமே இருக்கிறது, மாணவர் நகரம் என்று பொருள். நாட்டின் பெரிய மாணவர் குடியிருப்புகளில் அது ஒன்று. 2021இல் நடந்த தீ விபத்துக்குப் பிறகு அங்கே பெரிய கட்டடங்கள் சில காலி செய்யப்பட்டன, ஊரில் அறைப் பஞ்சம் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். ஃப்ரைமன், கார்ஹிங் ஊர், அதற்கு அப்பால் ஃப்ரைஸிங், எஹிங், நோய்ஃபார்ன் என்று வடக்குப் பக்கமாகவே வலையை விரி. மாதப் பயணச் சீட்டான 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' 2026 ஜனவரி முதல் 63 யூரோ. மெட்ரோ, புறநகர் ரயில், பஸ் எல்லாம் அதில் அடக்கம். தூரம் கூடினாலும் பயணச் செலவு கூடாது. அது சந்தா முறை, ஜூலையோடு முடிய வேண்டுமானால் அந்த மாதம் பத்தாம் தேதிக்குள் நிறுத்தச் சொல்லிவிட வேண்டும்.

உனக்குச் சாதகமான ஒன்றைச் சொல்கிறேன், இது பலருக்குத் தெரிவதில்லை. ஜெர்மனியில் குடியேறுபவர் இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீடு தருபவர் கையெழுத்திட்ட தாள் தேவை. சில அறைகளின் விளம்பரத்தில் 'பதிவு செய்ய இயலாது' என்று போட்டிருக்கும். முதுகலை படிக்க வருபவர்கள் அந்த அறைகளை எடுக்க முடியாமல் தாண்டிப் போவார்கள். ஆனால் வெளிநாட்டில் வசிப்பவர் மூன்று மாதத்துக்கு மேல் தங்காவிட்டால் அந்தப் பதிவு கட்டாயமில்லை. உன்னுடையது 78 நாள். மற்றவர்கள் ஒதுக்கும் அறைகளையும் நீ பார்க்கலாம். அப்போதும் ஒன்றைக் கேட்டு வாங்கு: அறையைக் கைமாற்ற வீட்டுக்காரர் சம்மதித்ததற்கு எழுத்தில் ஓர் அத்தாட்சி. அது இல்லாமல் நுழைந்தால் பாதியில் வெளியேறச் சொல்லும் நிலை வரலாம்.

வாடகையில் 'குளிர் வாடகை', 'சூட்டு வாடகை' என்று இரண்டு உண்டு. முதலாவது அறைக்கு மட்டும், இரண்டாவதில் வெப்பமூட்டும் செலவும் தண்ணீரும் மற்றப் பராமரிப்பும் சேரும். மின்சாரமும் இணையமும் அதில் சேர்ந்தவையா என்று தனியாகக் கேள். அட்வான்ஸ் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் வாங்கச் சட்டம் இடம் தராது. இடைக்கால அறைக்கு ஒரு மாதம் கேட்டால் நியாயம். சாவி கொடுக்கும் அன்று தருகிறேன் என்று சொல்லிப் பார். முன்னதாகவே ஏதாவது வேண்டும் என்றால், வீடியோவும் ஒப்பந்தமும் முடிந்தபின் ஒரு சிறு தொகை. நீ ஜூலை கடைசியில் விமானம் ஏறிவிடுவாய், உனக்கு அங்கே வங்கிக் கணக்கும் இருக்காது. எனவே சாவியைத் திருப்பித் தரும்போதே அட்வான்ஸ் கையில் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல். போனதும் சுவர், மெத்தை, ஜன்னல் எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றே அவருக்கு அனுப்பிவிடு.

உன் தேதிக்குச் சரியாக அறை பொருந்தாது. மே 1 முதல் ஜூலை 31 வரை என்று கிடைத்தால் அந்த இரண்டு வாரத்தையும் சேர்த்து எடுத்துக்கொள். இரண்டு இடம் மாறுவதைவிட அது மலிவு.

கடிதம் எழுதும்போது உன்னைப் பற்றி எழுது. வாடகை எவ்வளவு, காலியாக உள்ளதா என்ற ஒற்றை வரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எந்த ஆய்வகம், என்ன வேலை, என்ன தேதி, புகை பிடிப்பதில்லை, சமைப்பேன், சமையலறையைத் துடைத்து வைப்பேன், எந்த நேரத்தில் வீடியோவில் பேசலாம் என்று எழுது. மார்ச் கடைசி ஞாயிறுவரை நமக்கும் அவர்களுக்கும் நான்கரை மணி நேரம் வித்தியாசம், அதன்பின் மூன்றரை. பகிர்வு வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் ஒவ்வொரு தட்டும் ஒருவருக்கு, துப்புரவு முறைப் பட்டியல் கதவில் தொங்கும். கடுகு தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்துவிடு, புகை அலாரம் அலறினால் கட்டடமே வாசலுக்கு வந்துவிடும்.

ஒன்றும் அமையாவிட்டால்? கோல்பிங் விடுதிகளுக்கு எழுதிப் பார். செருப்புத் தைக்கும் தொழிலாளியாக இருந்து பாதிரியாரான அடோல்ஃப் கோல்பிங், ஊர் ஊராய் வேலை தேடிப் போன இளம் கைவினைஞர்களுக்காக 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இயக்கம் அது. இன்றும் தொழில் பழகுபவர்களுக்கும் பயிற்சிக்கு வருபவர்களுக்கும் பல நகரங்களில் அறை தருகிறார்கள். பெண்களுக்கென்றே தேவாலய அமைப்புகள் நடத்தும் விடுதிகளும் உண்டு. அங்கே இரவு விருந்தினர் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் இருக்கும், இரண்டரை மாதத்துக்கு அது பெரிய பாரமில்லை. கடைசி வழியாக முதல் பத்து நாளுக்கு மட்டும் பயணிகள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் படுக்கை பதிந்துகொண்டு, அங்கே போய் நேரில் பார். ஹோட்டலில் முழுக்காலமும் தங்கினால் உன் உதவித்தொகை போதாது.

விசா விண்ணப்பத்தில் தங்குமிடச் சான்று கேட்பார்கள். அதற்காக அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதே. எந்தச் சான்று போதும் என்று தூதரகத்தின் பட்டியலில் பார்த்துவிட்டு, ஆய்வகச் செயலரிடமும் கேள்.

பாஸ்போர்ட் நகலை அனுப்பிவிட்டோமே என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அந்த ஆளின் மின்னஞ்சல்கள், விளம்பரம், வங்கி விவரம் எல்லாவற்றையும் சேமித்து வைத்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் பதிவுத் தளத்தில் புகார் கொடு. இனி யாருக்கு நகல் கொடுத்தாலும் குறுக்கே "முனிச் அறை வாடகைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கொடு. பணம் ஏற்கெனவே அனுப்பிவிட்ட பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் பேசுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் மறைக்காதீர்கள். என் அண்ணன் மகன் ஒரு வாரம் மறைத்தான், அந்த ஒரு வாரத்தில் பணம் கைவிட்டுப் போய்விட்டது.

அறை கிடைத்து, சாவியும் கைக்கு வந்ததும், ஒரு சிறு தாளில் உன் பெயரைத் தெளிவாக எழுதி, தபால்பெட்டியிலும் மணிக்குப் பக்கத்திலும் ஒட்டச் சொல்லிக் கேள். பெயர் இல்லாவிட்டால் அப்பா இங்கிருந்து அனுப்பும் பார்சலைத் தபால்காரர் திருப்பிக் கொண்டுபோய்விடுவார்.