எண்ணிச் சொல்கிறேன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகனுடைய கல்லூரி நோட்டில் 'கை வர்க்கச் சோதனை' என்று இருக்கிறது. யாருடைய கை, ஐயா?
(ஒரு தகப்பனார், காரிமங்கலம்)

பதில்: கிரேக்க எழுத்து ஒன்று, பார்க்கப் பெருக்கல் குறி மாதிரி இருக்கும். அதன் பெயர் 'கை'. நம்மிடம் வந்ததும் விரல் முளைத்துவிட்டது. எண்ணிப் பார்த்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசம் வெறும் தற்செயலா என்று பார்க்கும் சோதனை இது. செய்துவைத்த கை புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனுடையது, 1900-ல். அவருக்கே ஓரிடத்தில் கை தவறியது. அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் நர்சரியில் போன ஆடியில் பெங்களூரா மா 120 ஒட்டு கட்டி 90 பிடித்தது. அல்போன்சா 80 கட்டி 48 பிடித்தது. 75 சதவீதம், 60 சதவீதம். இது நிஜமான வித்தியாசமா, அந்த வருஷத்து அதிர்ஷ்டமா? கம்ப்யூட்டரில் 75, 60 என்று சதவீதத்தையே போட்டால் போதுமா? (பெங்களூராவை அப்பா கட்டினார், அல்போன்சாவைப் புதிதாக வந்த பையன் கட்டினான்.)
(நர்சரிக்காரர் மகள், சந்தூர்)

பதில்: சதவீதத்தைப் போடவே போடாதீர்கள் அம்மா. நான் பட்டு அறிந்தவன். மாணவனாக இருந்தபோது இரண்டு தட்டில் இருபது இருபது கேழ்வரகு விதை போட்டு முளைப்பு பார்த்தேன். ஒன்றில் 15, இன்னொன்றில் 12. உங்கள் கணக்கு போலவே 75, 60. நான் 75-25, 60-40 என்று கட்டங்களில் எழுதி, கை வர்க்கம் 5.13 வந்ததும் 'வித்தியாசம் உறுதி' என்று கொட்டை எழுத்தில் போட்டு ஆசிரியரிடம் நீட்டினேன். தாள் திரும்பி வந்தது, சிவப்புப் பென்சிலில் ஒரே வரியோடு: 'முளைத்தது எத்தனை விதை?' விதைகளை எண்ணிப் போட்டால் விடை 1.03 தான். நாற்பது விதையை இருநூறு விதையாக்கிக் காட்டியிருக்கிறேன்! மளிகைக் கடையில் செய்திருந்தால் தராசைப் பிடுங்கியிருப்பார்கள்.

இப்போது உங்கள் ஒட்டு. மொத்தம் 200 கட்டி 138 பிடித்தது, அதாவது 69 சதவீதம். ரகத்துக்கும் பிடிப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் பெங்களூரா 120-லும் அதே 69 சதவீதம், 82.8 பிடித்திருக்க வேண்டும். பிடித்தது 90. 7.2 கூடுதல். மற்ற மூன்று கட்டங்களிலும் (பெங்களூராவில் பிடிக்காதது, அல்போன்சாவில் பிடித்தது, பிடிக்காதது) அதே 7.2 தான் கூடும் அல்லது குறையும். 7.2-ஐ அதனாலேயே பெருக்கி, அந்தந்தக் கட்டத்தில் எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டினால் 5.05 வரும். அதுதான் கை வர்க்கம். சம்பந்தமே இல்லாத நிலையில் வெறும் தற்செயலாக 3.84-ஐத் தாண்டுவது நூற்றுக்கு ஐந்து தடவைதான். உங்களுடையது தாண்டிவிட்டது.

பியர்சன் கை தவறியது இங்கேதான். நாலு கட்ட அட்டவணையில் வரிசைக் கூட்டலும் பத்திக் கூட்டலும் தெரிந்துவிட்டால், ஒரு கட்டத்தை நிரப்பியதும் மற்ற மூன்றும் தானாக நிரம்பிவிடும். சுதந்திரமாக ஆடக்கூடியது ஒரே கட்டம். பியர்சன் மூன்று என்று கணக்கு வைத்தார். 1922-ல் ரொனால்டு ஃபிஷர் என்ற இன்னொரு புள்ளியியலாளர் 'ஒன்றுதான்' என்று எழுதினார், பெரியவர் பியர்சன் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று என்றால் தாண்ட வேண்டிய கோடு 7.81. உங்கள் 5.05 அங்கே தோற்றுப்போகும். கணக்கு அதேதான், கோடுதான் வேறு. செந்தூராவையும் சேர்த்து மூன்று ரகமாகப் பார்த்தால் ஆடும் கட்டம் இரண்டு, கோடு 5.99.

இரண்டு விகிதத்தை நேராகக் கழித்துப் பார்க்கும் சோதனை தனியாக உண்டே என்று யாராவது சொல்வார்கள். போட்டுப் பாருங்கள், 2.247 வரும். அதை அதனாலேயே பெருக்கினால் இதே 5.05. வேறு வாசல், வீடு ஒன்று. அந்த வழியில் ஒரு லாபம் உண்டு: வித்தியாசம் எவ்வளவு என்றும் தெரியும். உங்களுக்கு அது 15 புள்ளி என்றாலும், ஏறக்குறைய 2-லிருந்து 28 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 2 என்றால் ஒட்டு நாடா செலவுக்குக்கூடக் காணாது, 28 என்றால் அல்போன்சாவுக்கு விலை ஏற்றியே ஆக வேண்டும்.

ஆனால் கேள்வியின் விடை நீங்கள் கடைசியில் அடைப்புக்குள் எழுதிய வரியில் இருக்கிறது. பெங்களூராவை அப்பா கட்டினார், மற்றதைப் பையன் கட்டினான். அப்புறம் இந்த 5.05 ரகத்தைப் பற்றிச் சொல்கிறதா, கையைப் பற்றியா? காரிமங்கலத்துக்காரர் கேட்டது சரியான கேள்விதான், யாருடைய கை! வரும் ஆடியில் ஒவ்வொரு வேர்ச்செடிக்கும் காசைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் பெங்களூரா, பூ விழுந்தால் அல்போன்சா. அப்பாவும் பையனும் இரண்டையும் கட்டட்டும், யார் கட்டியது என்று செடியில் சீட்டுப் போட்டு வையுங்கள். பையன் கோபித்துக்கொண்டால் அப்பாவுக்கும் அதே சீட்டுதான் என்று சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் பன்னிரண்டு புழுவளர்ப்பு மனைகள். ஆறில் படுக்கைக்குப் புதுக் கிருமிநாசினித் தூள் போட்டோம், ஒன்றில் மட்டும் புழு சுண்ணாம்புக் கட்டி போல விறைத்தது. போடாத ஆறில் ஐந்தில் நோய். கை வர்க்கம் 5.33 என்கிறது. பாஸ்தானே? மனையை விட்டுப் புழுவை எண்ணினால் இன்னும் பலமாக வருமே?
(பட்டு விவசாயி, பாலக்கோடு)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். தற்செயல் என்றால் நாலு கட்டத்திலும் மூன்று மூன்று வர வேண்டும். எதிர்பார்க்கும் எண் ஐந்துக்குக் கீழே போனால் கை வர்க்கத்தை நம்பாதே என்பது பழைய எச்சரிக்கை. அங்கே ஃபிஷரின் நேர்க் கணக்குதான். பன்னிரண்டு மனையில் நோய் வந்த ஆறைப் பொறுக்க 924 வழி. அவற்றில் உங்களுக்கு வந்த அளவோ அதைவிடக் கடுமையாகவோ, இரு பக்கமும் சேர்த்து, 74 வழி. நூற்றுக்கு எட்டு, ஐந்துக்குள் அடங்கவில்லை. நம்பிக்கை இருக்கிறது, பாஸ் இல்லை.

ஃபிஷர் 1935-ல் வந்த தம் புத்தகத்தில் இதைத் தேநீரை வைத்து விளக்கினார். பால் முதலில் ஊற்றியதா, டிகாக்ஷன் முதலில் ஊற்றியதா என்று குடித்தே சொல்வேன் என்றார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பை, வகைக்கு நாலு. குருட்டாம்போக்கில் எட்டும் சரியாக அமைய 70-ல் ஒரு வாய்ப்பு.

புழுவை எண்ணும் யோசனையை விட்டுவிடுங்கள். நூறு முட்டைத் தொகுதி என்றால் 40,000, 50,000 புழு. கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்கில் விடை தந்து உங்களைக் குளிர்விக்கும். ஆனால் விறைத்த புழுவின் மேல் பூக்கும் வெள்ளை வித்து பக்கத்துப் புழுவுக்கும் பரவுகிறது. ஒரே படுக்கையில் கிடப்பவை தனித்தனிச் சாட்சி அல்ல, ஒருவன் சொன்னதையே திருப்பிச் சொல்லும் கூட்டம். மனைதான் சாட்சி. அடுத்த பேட்ச்சில் இன்னும் பத்து மனையைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: ஒரே கேள்வியை என் வகுப்பில் 60 பேருக்குப் பாடத்துக்கு முன்னும் பின்னும் கொடுத்தேன். 120 விடைத்தாளையும் ஒரே அட்டவணையில் போடலாமா?
(ஆசிரியை, பர்கூர்)

பதில்: கூடாது டீச்சர், பிள்ளைகள் அறுபதுதான். இரண்டு தடவையும் சரியாக எழுதியவர், இரண்டு தடவையும் தவறியவர் எல்லாரையும் ஓரமாக உட்காரவையுங்கள். மாறியவர்களை மட்டும் எண்ணுங்கள். 14 பேர் தப்பிலிருந்து சரிக்கு, 4 பேர் சரியிலிருந்து தப்புக்கு என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் 10, அதன் வர்க்கம் 100, வகுக்க 18: 5.56. கோடு அதே 3.84. 1947-ல் மெக்நீமர் என்ற உளவியலாளர் சொன்ன வழி இது. அந்த நாலு பேரையும் தனியாகக் கூப்பிட்டு விசாரியுங்கள், எனக்கு அவர்கள் பதிலைக் கேட்கத்தான் ஆசை.