உருமாறுவது யார்?

கேள்வி: என் மகளுக்கு மூன்று வருஷம் முன்பு டெங்கு வந்து, சாதாரணக் காய்ச்சலாகப் போய்விட்டது. இப்போது எங்கள் தெருவில் மறுபடியும் டெங்கு. புகை அடிக்க வந்தவர், "வைரஸ் உருமாறிடுச்சும்மா, என்ன அடிச்சும் பிரயோஜனமில்ல" என்கிறார். வருஷா வருஷம் அது உருமாறிக்கொண்டே இருந்தால் நாம் என்னதான் செய்வது?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: புகை அடிக்க வந்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வாயில் வந்த அந்த 'உருமாறி' மேல்தான் கோபம். கொரோனா காலத்தில் செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்ட சொல் அது, இன்னும் விடவில்லை. பள்ளிப் பாடத்தில் உருமாற்றம் என்றால் புழு கூட்டுப்புழுவாகி, அது பூச்சியாவது. உடம்பே வேறாகிவிட வேண்டும். டெங்கு வைரஸுக்கு அப்படி எதுவும் நடப்பதில்லை. அதில் நடப்பது திரிபு. தோன்றல், திரிதல், கெடுதல் என்று விகாரம் மூன்று படித்தோமே, நினைவிருக்கிறதா? பூவும் கொடியும் சேர்ந்தால் பூங்கொடி. ஓர் எழுத்து புதிதாக வந்தது. பொன்னும் குடமும் பொற்குடம். ஓர் எழுத்து இன்னொன்றானது. மரமும் வேரும் மரவேர். ஓர் எழுத்து போயே போயிற்று. மரபணுவில் நடப்பதும் இந்த மூன்றுதான். தமிழாசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்டதை வைத்துக்கொண்டே இதைப் புரிந்துகொள்ளலாம். அறிவியலைச் சொல்லத் தமிழில் சொல் இல்லை என்பவர்களோடு இந்தப் பக்கத்தில் வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறேன். இனியும் போடுவேன்.

டெங்குவின் மரபணு ஒற்றை இழை ஆர்.என்.ஏ. நாலே எழுத்துகளை மாற்றி மாற்றி வைத்து எழுதிய, சுமார் 10,700 எழுத்துள்ள ஒரே வரி. அச்சிட்டால் நம் பத்திரிகையில் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும். பத்துப் புரதங்கள் செய்யும் குறிப்பு அவ்வளவும் அதற்குள் இருக்கிறது. உடம்புக்குள் நுழைந்ததும் வைரஸ் அந்த வரியைப் படி எடுக்க ஆரம்பிக்கிறது. நம் செல்கள் டி.என்.ஏ.வைப் படி எடுக்கும்போது பின்னாலேயே மெய்ப்பு பார்க்கிற ஏற்பாடு உண்டு. டெங்குவில் படி எடுக்கிற புரதமான நொதிக்கு அது கிடையாது. ஏறக்குறைய பத்தாயிரம் எழுத்துக்கு ஒரு பிழை, அதாவது படிக்கு ஒன்று விழுகிறது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். சுவடிகளில் பாடபேதம் வந்த கதையும் இதுதான். மெய்ப்புத் திருத்துபவர் எதற்கு, கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று அவர்களை வீட்டுக்கு அனுப்பிய பதிப்பாளர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் மெய்ப்பு பார்க்கும் அம்மா இன்னும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் கண் படாமல் ஒரு வரிகூட அச்சுக்குப் போகாது.

சரி, விழுந்த பிழையெல்லாம் நிலைக்கிறதா? இல்லை. டெங்கு கொசுவுக்குள்ளும் பிழைக்க வேண்டும், மனிதனுக்குள்ளும் பிழைக்க வேண்டும். ஒரு பக்கம் வசதியான மாற்றம் மறுபக்கம் காலை வாரிவிடும். அதனால் ஒரு வருஷம் ஊரூராகச் சுற்றிய பிறகும் அதில் நிலைத்து நிற்பது ஏழெட்டு எழுத்து மாற்றம்தான். போன வருஷத்து வைரஸையும் இந்த வருஷத்து வைரஸையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. உங்கள் மகளுக்கு அன்று வந்தது எந்த டெங்கு?

டெங்குவில் நான்கு வகை. ஒன்று வந்து போனால் ஆயுசுக்கும் அதே வகை வராது. மற்ற மூன்றிலிருந்து சில மாதங்களுக்குத்தான் பாதுகாப்பு. அப்புறம் வேறு வகை வந்தால், முதல் தடவை நோயை எதிர்க்க உடம்பு செய்துவைத்த பழைய எதிர்ப்பொருளே வைரஸைக் கைபிடித்துச் செல்லுக்குள் கூட்டிப் போய்விடும். கியூபாவில் 1977இல் முதல் வகை பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 3,44,000 பேர் படுத்தார்கள், 158 பேர் இறந்தார்கள். பெரு நாட்டின் இக்கிடோஸ் நகரிலும் இதே வரிசைதான்: 1990இல் முதல் வகை, 1995இல் இரண்டாம் வகை. அங்கே கடுமையான ரத்தக்கசிவுக் காய்ச்சல் வரவேயில்லை. இரண்டாம் வகைக்குள்ளேயே கிளைகள் உண்டு. இக்கிடோசுக்கு வந்தது அமெரிக்கக் கிளை, கியூபாவுக்குப் போனது ஆசியக் கிளை. அந்தச் சாதுவான அமெரிக்கக் கிளை இந்தியாவிலும் 1970களின் தொடக்கம் வரை இருந்தது. 1996இல் டெல்லியில் 400 பேருக்கு மேல் பலிகொண்டதும் இரண்டாம் வகைதான். ஆனால் கிளை வேறு. ஒரு கிளை ஒழிந்து அந்த இடத்தில் இன்னொன்று குடியேறுகிறது. பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

நம் பக்கமும் அப்படித்தான். 2012இல் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அதையொட்டித்தான் முதல் வகையின் ஆசியக் கிளை தென்னிந்தியாவில் தலைகாட்டியதைக் கண்டார்கள். 1956 முதல் 2018 வரை இந்தியாவில் எடுத்த 408 மரபணு வரிசைகளைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் ஒப்பிட்டார்கள். 2012 வரை முதல் வகையும் மூன்றாம் வகையும் கோலோச்சின. பிறகு இரண்டாம் வகை மேலே வந்தது. சொத்தை என்று ஒதுக்கிய நான்காம் வகை தெற்கில் வேர் பிடிக்கிறது என்றார்கள்.

போன ஐப்பசியில் என் தங்கை மகனுக்குக் காய்ச்சல். ரிப்போர்ட்டில் 'என்.எஸ்.1 பாசிட்டிவ்' என்று ஒரே வரி. டெங்கு வைரஸின் புரதம் ஒன்று ரத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எந்த வகை என்று கேட்டேன். "அதெல்லாம் இதுல வராது சார்" என்றது பரிசோதனைக்கூடத்துப் பெண். உண்மைதான், அதற்கு வேறு சோதனை வேண்டும். ஒவ்வொருவருக்கும் செய்ய வேண்டாம். ஆனால் கடலூரில் இந்த மழைக்கு எந்த வகை சுற்றுகிறது என்பதை, மழை அளவு சொல்வது மாதிரி வாரா வாரம் ஊருக்குச் சொல்ல வேண்டும். இதை எழுதி எழுதி எனக்குக் கை ஓயவில்லை.

உங்கள் மகள் விஷயம். ஏற்கெனவே ஒரு முறை வந்தவள் என்பதால் காய்ச்சல் கண்டால் அன்றே டாக்டரிடம், "இவளுக்கு முன்பு டெங்கு வந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். நீங்களாக ஆஸ்பிரினோ, புரூஃபன் மாத்திரையோ கொடுக்காதீர்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் இறங்கும், எல்லோரும் அப்பாடா என்று உட்காருவோம். கண்காணிக்க வேண்டிய நேரமே அதுதான். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது, இதில் எதைக் கண்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இங்கே புதுச்சேரி இந்திரா நகரில் 1975 முதல் வி.சி.ஆர்.சி. இருக்கிறது. கொசு மாதிரி நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் மையம். உடம்பில் வோல்பாக்கியா பாக்டீரியா இருந்தால் கொசுவுக்குள் டெங்கு எளிதில் வளராது. அப்படிப்பட்ட கொசுக்களை வளர்த்திருப்பதாக 2022இல் சொன்னார்கள். நல்ல வேலை. அது நம் தெருவுக்கு வரும்வரை டிரம்மைத்தான் பார்க்க வேண்டும்.

தானே புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது வாங்கிய நீல டிரம் உங்கள் வீட்டிலும் இருக்கும். எங்கள் வீட்டு டிரம்மைப் போன வாரம் கவிழ்த்தேன். தண்ணீர் நின்ற கோட்டுக்குச் சற்று மேலே மிளகுத்தூள் சிந்தியது போலக் கறுப்புப் புள்ளிகள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை. தண்ணீரைக் கொட்டினால் போகாது. காய்ந்து மாதக்கணக்கில் ஒட்டிக்கிடக்கும், அடுத்த மழைக்குப் பொரியும். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தால்தான் வந்தது. தேய்க்காமல் நிரப்பியிருந்தால் எட்டுப் பத்து நாளில் முட்டை புழுவாகி, புழு கூட்டுப்புழுவாகி, கூட்டுப்புழு கொசுவாகியிருக்கும். உருமாற்றம் என்ற சொல் பொருந்துகிற இடம் அந்த டிரம்தான். புகை அடிப்பவர் அடுத்த முறை வந்தால், உங்கள் வீட்டு டிரம்மின் மூடியைத் திறந்து அவருக்குக் காட்டுங்கள்.